மாப்பிள்ளை எந்தப் பக்கம் வருகிறார்

கோட்டைப்பட்டினத்தில் ஹாஜா முகைதீன் கட்டிய கல்யாண மஹாலுக்குள் முதன்முதலாக நடந்தவள் ஒரு வெள்ளைக்காரி. கையில் காபிக் குவளை, காலில் ஓட்டப் பயிற்சிக்கான ஷூ, கூடவே ஒரு நாய். மஹாலுக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டாத காலம் அது. முகமது அஸ்வர் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய படத்தில் அவள் வாசற்படியைக் கடந்து உற்சாகமாக எங்கோ போய்க்கொண்டிருந்தாள்.

ஹாஜா முகைதீன் படத்தைக் கிட்டப் பிடித்து, எட்டப் பிடித்துப் பார்த்தார். "யாருப்பா இந்தம்மா? நம்ம அழைப்புல இல்லையே."

"அது சும்மா அளவுக்கு, பெரியத்தா. பக்கத்துல ஆளு நின்னாத்தான் கட்டடம் எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்."

"சரி, நாயி?"

"நாயும் அளவுக்குத்தான்."

அஸ்வர் அவருடைய தம்பி மகன். திருச்சியில் ஆர்க்கிடெக்சர் படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். பதக்கம் வாங்கியவனிடம் நாயைப் பற்றி மேற்கொண்டு விசாரிப்பது மரியாதை இல்லை என்று பெரியத்தா விட்டுவிட்டார். விசாரித்திருக்கலாம்.

அந்த அலுவலகத்தில் அஸ்வருக்கு மேலே ஷர்லி என்று ஒருத்தி இருந்தாள். அவனைவிட நாலைந்து வயதுதான் கூட. அவளிடம் ஒரு பழக்கம். யார் வரைந்த பிளானாக இருந்தாலும் அதன் வாசலில் ஆள்காட்டி விரலை வைப்பாள். மெதுவாக உள்ளே நடத்திக்கொண்டு போவாள். வராந்தா, ஹால், படி, பாத்ரூம். போகிற போக்கில் ஓர் இடத்தில் விரல் நின்றுவிடும். முகம் சுண்டிப்போகும். "இங்க எனக்குப் பயமா இருக்கு" என்பாள். எதற்குப் பயம் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியாது. டீ குடித்துவிட்டு வந்து, "மழை பெய்யிற அன்னிக்கு இந்த மூலையில குடை மடக்குறவனும் குடை விரிக்கிறவனும் ஒருத்தன் கண்ண ஒருத்தன் குத்திக்குவானுங்க" என்று கண்டுபிடித்துச் சொல்வாள். "அக்காவுக்கு அருள் வந்துருச்சு" என்று பையன்கள் கண்ணடித்துக்கொள்வார்கள். மற்றவர்களைவிட அஸ்வர் கொஞ்சம் அதிகமாகவே கண்ணடித்தான். அவனுக்கு எந்தப் பிளானைப் பார்த்தும் பயம் வந்ததே கிடையாது. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மஹால் பிளான் அலுவலகத்தை விட்டுப் போனபோது ஷர்லி பிரசவ விடுப்பில் இருந்தாள். ஆகவே அந்தப் பிளானைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

கட்டடம் எழுந்தது. கீழே ஆண்களுக்குக் கூடம், மேலே பெண்களுக்குக் கூடம். ரோட்டைப் பார்த்த முன்சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று, ஒரு ஜன்னல்கூட இல்லாமல், வழித்துத் துடைத்த மாதிரி நின்றது. அஸ்வர் அதை 'அமைதி' என்று சொன்னான். அந்த அமைதியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், படிக்கட்டு பாதியில் திரும்பும் மேடையில், தரையிலிருந்து ஆளுயரத்தையும் தாண்டி சிமெண்ட் ஜாலி வைத்திருந்தான். எட்டு மூலை நட்சத்திரம், நட்சத்திரத்தோடு நட்சத்திரம் கோத்த ஓட்டைச் சுவர். அதை வரைய மட்டும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். பிற்பகல் வெயில் அதன் வழியே இறங்கிப் படியெல்லாம் நட்சத்திரமாக விழும் என்று மனசுக்குள் அந்தப் படியில் எத்தனையோ முறை ஏறி இறங்கிப் பார்த்திருந்தான். ஒவ்வொரு முறையும் தனியாக.

கடலைப் பார்த்த பின்பக்கச் சுவரில் பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்தான். அதற்குத்தான் பெரியத்தா லேசாக முனகினார். "கடலை எதுக்குப்பா ஜன்னல் வச்சுப் பாக்கணும்? அதுதான் தெனமும் நம்மளப் பாத்துக்கிட்டு கெடக்கே."

பின்பக்கம் வெளியே இன்னொரு படி முதல் பிளானில் இருந்தது. அது கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதாக அஸ்வர் சொன்னான். ஜெனரேட்டருக்கு இடம் வேண்டும் என்று பெரியத்தாவும் சொன்னார். "அப்பறமா கட்டிக்கலாம்" என்று இருவரும் சந்தோஷமாக ஒத்துப்போனார்கள். அந்தப் படிக்காக விட்ட கம்பிகள் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. யார் கண்ணிலும் குத்திவிடக் கூடாதென்று கம்பிகளின் தலையில் காலி தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்துவைத்தார்கள். மஹாலில் பாதுகாப்பு என்று செய்யப்பட்ட ஒரே ஏற்பாடு அதுதான்.

முதல் கல்யாணம் ஹாஜா முகைதீனின் மகள் ஷமீமாவுக்கு. மாப்பிள்ளை கட்டுமாவடி அஜ்மல். ஊரே வந்தது. அஸ்வர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பாராட்டு விழுந்தால் காதில் வாங்கிக்கொள்ள வசதியான இடமாகப் பார்த்து, பெண்கள் மாடிக்கு ஏறும் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே போக முடியாது. அவன் வரைந்த படிதான். ஆனால் இன்றைக்கு அது பெண்களின் படி.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு வழியாக ஒரு செருப்பு அவன் கண்ணில் பட்டது. கீழிருந்து பார்த்தால் படியின் முதல் பாதி மட்டும்தான் தெரியும், திரும்பும் மேடை வரைக்கும். அந்த மேடையின் விளிம்பில், மேல்படியில், தங்கக் கலர் வார் வைத்த செருப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. மாடிக் கூடத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். கழற்றிய செருப்பு கூடத்து வாசலில் நிறைந்து, மேல் படிகளில் நிறைந்து, மேடைக்கு வந்துவிட்டிருந்தது.

அஸ்வர் தன் பிளானை மனசுக்குள் ஒரு தடவை புரட்டினான். ஷூ வைக்க அலமாரி? இல்லை. அந்த வெள்ளைக்காரி ஷூவைக் கழற்றியதே இல்லை.

அடுத்து வந்த பெண்கள் மேடையில் இடமில்லாமல் அதற்குக் கீழ்ப் படியில் கழற்றினார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் அதற்கும் கீழே. ஒவ்வொரு படியாகச் செருப்பு அவனைப் பார்த்து இறங்கி வந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாமல் செருப்பு மட்டும் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதல்ல. அவனுக்கு உள்ளங்கை வேர்த்தது. எதற்கு வேர்க்கிறது என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை வண்டி பள்ளிவாசத் திருப்பத்துக்கு வந்துருச்சு!" என்று யாரோ கூவினார்கள். தூரத்தில் மாப்பிள்ளையோடு வாழ்த்துப் பாட்டான பைத்து ஓதி வருகிறவர்களின் குரல்கள் கேட்டன.

மேலே தடதடவென்று ஓசை. அஸ்வர் முற்றத்துக்கு ஓடி, அண்ணாந்து தன் சுவரைப் பார்த்தான். நட்சத்திர ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் வந்து ஒட்டியது. பச்சை, ரோஸ், ஜரிகை. மருதாணி வைத்த விரல்கள் ஓட்டைகளில் கோத்துக்கொண்டன. முன்சுவரில் வேறு ஜன்னலே கிடையாது. மாப்பிள்ளை வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் மாடியிலிருந்த அத்தனை பேருக்கும் இந்த ஒரே ஓட்டைச் சுவர்தான்.

அவன் முதலில் செய்த காரியம், போனை எடுத்து அதைப் படம் பிடித்தது. அவ்வளவு அழகாக இருந்தது. படத்தை விரித்துப் பார்த்தான். ஓட்டைகளில் துணி அசையவில்லை. காற்றடித்தால் துணி ஆட வேண்டும். உள்ளேயிருந்து அழுத்தினால்தான் அப்படி அசையாமல் புடைத்துக்கொண்டு நிற்கும்.

அப்போது போன் அடித்தது. அவன் அக்கா நிலோஃபர். ஏழு மாதக் கர்ப்பிணி.

"லாத்தா, எங்க இருக்கே?"

"ஒன் நட்சத்திரத்துக்குள்ளதான்டா. உள்ள ஏசி ஒத்துக்கல. இங்கிட்டுக் காத்து பிச்சுக்கிட்டு வருது. மூலையில சாஞ்சு நிக்கிறேன்."

"மேல போயிரு."

"எப்படிப் போக? பின்னாடி மாமி நிக்கிறாங்க. மாமிக்குப் பின்னாடி ஊரே நிக்குது." சிரித்தாள்.

போனுக்குள் ஹவ்வா உம்மாள் மாமியின் குரல் நுழைந்தது. "யாருடி, அஸ்வரா? ஏன்டா, தங்கப் பதக்கம்! இம்புட்டுப் பெரிய படம் போட்டியே, செருப்பு விட ஒரு எடம் போட்டியாடா? ஏ, யாருடி என் கால மிதிக்கிறது? பேரப்பய இடுப்புல இருக்கான், தள்ளாதீங்கடி!"

இணைப்பு அறுந்தது.

இதுவரை அஸ்வருக்கு வராத பயம், மொத்தமாக ஒரே நாளில் வந்து இறங்கியது. நாலடி அகலப் படி. நடுவில் ஒரு மேடை. மேலேயிருந்து வருகிறவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் தெரிய மாட்டார்கள், ஏனென்றால் படி திரும்புகிறது. காலுக்கடியில் தரை இல்லை, செருப்புக் குவியல். கீழ்க் கதவு உள்பக்கமாகத் திறக்கும். வெளிப்பக்கமாகத் திறந்தால் தொட்டிச் செடியில் இடிக்கிறதென்று அவன்தான் மாற்றி வரைந்தான். ஒருத்தி வழுக்கினால் மேலே இருப்பவர்கள் அத்தனை பேரும் அவள் மீது வருவார்கள். வந்து கதவை உள்ளிருந்து அழுத்தி மூடுவார்கள். அப்புறம் அதை யாராலும் திறக்க முடியாது.

பைத்து கொஞ்சம் நெருங்கியிருந்தது.

ஷர்லிக்குப் போன் போட்டான். அடித்தது, அடித்தது, நின்றது. கைக்குழந்தைக்காரி பகலில் கிடைக்கும் அரை மணித் தூக்கத்தில் இருந்திருப்பாள்.

வேறு வழியில்லாமல் அவன் தன் வெள்ளைச் சுவரில் ஆள்காட்டி விரலை வைத்தான். கண்ணை மூடினான். விரலை மெதுவாக நகர்த்தினான். அந்தப் பக்கமாகப் பன்னீர்ச் செம்போடு போன பெரியத்தா நின்று பார்த்துவிட்டு, "பயலுக்குத் தன் செவத்து மேல எம்புட்டு ஆசை பாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

விரல் படியேறியது. முதன்முறையாகத் தனியாக ஏறவில்லை. முன்னால் மாமியைப் போட்டான், இடுப்பில் பேரனோடு. பின்னால் நாலு குமரிகளைப் போட்டான். மூலையில் நிலோஃபரைப் போட்டான். விரல் நின்றுவிட்டது.

செருப்பை அள்ளச் சொல்லலாமா? அள்ள ஆள் படிக்குள் போக வேண்டும். போகிறவளைப் பார்த்து, "என் செருப்பு எங்கடி போகுது" என்று இன்னும் பத்துப் பேர் இறங்குவார்கள். வேண்டாம். ஆபத்து, எல்லோரும் மேலே போங்கள் என்று கத்தலாமா? 'ஆபத்து' என்ற சொல் காதில் விழுந்தால் கூட்டம் மேலே போகாது, வாசலைத் தேடிக் கீழேதான் பாயும். வேண்டவே வேண்டாம். கதவைப் பெயர்க்கலாமா? பெயர்க்கிற சத்தத்துக்கு என்னவென்று பார்க்க வருவார்கள். எந்த யோசனையைப் போட்டாலும் படியில் ஆள் கூடிக்கொண்டே போனது.

போன் அடித்தது. இந்த முறை நிலோஃபர் சிரிக்கவில்லை.

"தம்பி, தள்ளுறாங்கடா. செவத்துக்கும் வயித்துக்கும் நடுவுல கைய வச்சுக்கிட்டு நிக்கிறேன். கை வலிக்குது. கைய எடுக்க முடியல."

"எடுக்காதே லாத்தா. வண்டி இன்னும் வரல. வராதுன்னு பக்கத்துல சொல்லு."

"பைத்துச் சத்தம் எல்லாருக்கும் கேக்குதுடா."

ஆமாம். கேட்கிறது. அதுதானே அவர்களை இழுக்கிறது. அஸ்வர் கண்ணைத் திறந்தான். இத்தனை நேரமும் பெண்களை நகர்த்தவே பார்த்துக்கொண்டிருந்தான். மாடி நிறையப் பெண்களை எவன் நகர்த்துவது? அவர்களை இழுத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் ஆள், மாலையும் கழுத்துமாக ஜீப்பில் நின்றுகொண்டு வருகிறவன். நகர்த்த வேண்டியது அவனை.

ஆனால் மாப்பிள்ளையை யார் திருப்புவது? சம்பந்தி வீட்டார் பேச்சை மாப்பிள்ளை வீட்டார் கேட்பது நடக்காத காரியம். கல்யாண வீட்டில் எல்லோரும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது ஒரே ஓர் ஆளுக்குத்தான். அஸ்வர் அந்த ஆளைத் தேடி ரோட்டில் ஓடினான்.

அறந்தாங்கி நாகராசு, கழுத்தில் இரண்டு கேமராவோடு, ஜீப்புக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, ரோட்டுப் பக்கம் என்னண்ணே இருக்கு? கரண்டுக் கம்பம், டிரான்ஸ்பார்மரு. ஒரு சந்து திரும்புனா கடலு. பின்னாடி நீலமா கடலு, நடுவுல ஜீப்பு, முன்னாடி..." மூச்சு வாங்கியது. முன்னாடி என்ன இருக்கிறது? முன்னாடி சமையல் கொட்டகை. "முன்னாடி புகைண்ணே. பிரியாணி தம் போட்ட புகை. எஃபெக்ட்டு."

நாகராசு நடையை நிறுத்தாமலே யோசித்தார். "புகை மெசின் எடுத்துட்டு வரலன்னு இப்பத்தான் மனசுல குறையா இருந்துச்சு தம்பி." கையைத் தூக்கினார். "டிரைவரு! இங்கிட்டுத் திருப்பு! மாப்பிள்ளை, அந்தச் சிரிப்ப அப்படியே வச்சுக்கங்க. சத்தமா ஓதுறவங்க எல்லாம் வண்டிக்குப் பின்னாடி வாங்க!"

கட்டுமாவடிப் பெரியவர்கள் முகஞ்சுளித்தார்கள். "ஏம்ப்பா, முன்வாசல்ல வரவேற்க நிக்கிறாங்களே" என்றார் ஒருவர். "வீடியோல நல்லா வரணும்ல?" என்றார் நாகராசு. அதற்கு மேல் பேச்சில்லை. ஜீப் மணல் சந்துக்குள் திரும்பியது.

பாதிதான் முடிந்தது. ஊர்வலம் திரும்பியது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. பைத்துச் சத்தம் விலகுவதைக் கேட்டு, என்ன ஆச்சென்று பார்க்க இன்னும் முட்டுவார்கள். அஸ்வர் திரும்ப ஓடிக்கொண்டே ஷமீமாவுக்குப் போன் போட்டான். மணமேடையில் பூவுக்குள் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பெண்ணுக்குப் போன் போடுகிறவன் அந்த ஊரில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

"கூறு இருக்காடா ஒனக்கு?" என்றாள் மெதுவாக, உதடு அசையாமல். "நான் தலை குனிஞ்சு உக்காந்துருக்கேன்."

"மைக் பக்கத்துல இருக்கா?"

"இருக்கு. பாட்டுப் பாடவா?"

"ஒன் முதுகுக்குப் பின்னாடி அலங்காரத் திரை இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி ஜன்னலு. மாப்பிள்ளை அந்தப் பக்கமா வாராரு. அத மைக்குல சொல்லு. சொல்லிட்டு நீயே எந்திரிச்சுத் திரைய வெலக்கி எட்டிப் பாரு."

"நானா? எங்கம்மா என்னைய வெட்டிப் போட்டுரும்."

"படியில நிக்கிறவங்கள ஒண்ணும் சொல்லாத. ஏறு, எறங்குன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. கூடத்துல உள்ளவங்க ஜன்னலுக்குப் போனாப் போதும். படி தானா ஏறிரும்."

"நிலோஃபர் லாத்தா எங்கடா? இந்நேரம் வரைக்கும் இங்க காணோமே."

"படியில."

போன் அணைந்தது.

அவன் கீழ்க் கதவுக்கு வந்து சேர்ந்தபோது அது முக்கால்வாசி மூடியிருந்தது. தள்ளினான். ஒரு சாண் நகர்ந்து நின்றது. கதவுக்குப் பின்னால் செருப்புகள் விழுந்து அடைத்துக்கொண்டிருந்தன. அஸ்வர் புதுச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து, அந்த ஒரு சாண் இடுக்கில் கையை விட்டு, செருப்பை ஒவ்வொன்றாக உருவினான். உருவிக்கொண்டே உள்ளே பார்த்தான். படி தெரிந்தது. படியில் கால்கள் தெரிந்தன. மேடையில் இடம் போதாமல் பிதுங்கிக் கீழ்ப் படிகளுக்கு இறங்கிக்கொண்டிருந்த வெறுங்கால்கள். விரல்கள் அவனைப் பார்த்திருந்தன. செருப்புக் குவியலுக்குள் தரையைத் தேடித் துழாவிக்கொண்டு ஒவ்வொரு விரலாக இறங்கியது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்." ஷமீமாவின் குரல், மாடி, முற்றம், ஆண்கள் கூடம், சமையல் கொட்டகை எங்கும் விழுந்தது. "மாப்பிள்ளை கடல் பக்கமா வாராக. நான் ஜன்னல்ல பாக்கப் போறேன். வர்றவங்க வாங்க."

கீழே ஆண்கள் கூடத்தில் பேச்சு அப்படியே நின்றது. கோட்டைப்பட்டினத்தில் கல்யாணப் பெண் எவளும் மைக்கில் பேசியதில்லை. அதிலும் இப்படி ஓர் அறிவிப்பு.

படியில் விரல்கள் நின்றன. அஸ்வர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். விரல் தெரிந்தால் இறங்குகிறார்கள். குதிகால் தெரிந்தால் ஏறுகிறார்கள். உலகத்தில் வேறு செய்தி எதுவும் அவனுக்கு அப்போது இல்லை.

"அல்லாவே, பொண்ணு எந்திரிச்சுருச்சாம்டி!" என்று மேலே ஒரு குரல்.

மாப்பிள்ளையைப் பார்ப்பது ஒரு காட்சிதான். ஆனால் மாப்பிள்ளையைப் பார்க்க எழுந்து போகும் பெண்ணைப் பார்ப்பது, பேரப்பிள்ளைகளிடம் சொல்லும் காட்சி. ஒரு கால் திரும்பியது. மருதாணி வட்டம் வைத்த குதிகால். அடுத்து இன்னொன்று. மூன்றாவது கால் திரும்பும்போது அடியிலிருந்த செருப்பு வழுக்கியது. ஒருத்தி முழங்காலில் விழுந்தாள். அவளுக்கு மேலிருந்த உடம்பு ஒன்று அவள் முதுகில் சாய்ந்தது. அதற்கு மேலிருந்தது அதன் மீது சாய ஆரம்பித்தது. செருப்பு ஒன்று தத்தித் தத்திப் படியிறங்கி வந்து அவன் கையில் இடித்து நின்றது.

மேலே கூடத்தில் இன்னும் கொஞ்சம் பேர் ஜன்னலுக்கு நகர்ந்து இடம் விட்டிருப்பார்கள். சாய்ந்த உடம்புகள் நிமிர்ந்தன. விழுந்தவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு குதிகால். இன்னொரு குதிகால். பிறகு குதிகால் மட்டும்தான். பிறகு செருப்பு மட்டும்தான்.

நிலோஃபருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அஜ்மல் கண்ணெல்லாம் சிவந்து, பிரியாணி மணக்க வந்து இறங்கினார். முன்வாசலில் பன்னீர்ச் செம்போடு காத்திருந்த பெரியத்தா கட்டடத்தைச் சுற்றி ஓடி வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைய அடுப்படி வழியாவாடா கூட்டியாருவ? எம் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?" என்று அஸ்வரைப் பிடித்து உலுக்கினார். அவன் காது மாடியில் இருந்தது. யாராவது அழுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நிக்காஹ் ஓதி முடிந்து, சாப்பாடு முடிந்து, மாமி ஒருத்தி மட்டும் படியிறங்கி வந்து, "ஒங்கக்காளுக்கு ஒண்ணுமில்லடா. போன கைதவற விட்டுட்டா, அது செருப்புக்குள்ள கெடக்கு" என்று சொல்லும் வரை அவன் எதையும் விழுங்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கிளம்பிப் போனார்கள். படி அவனுக்குத் திரும்பக் கிடைத்தது.

வெயில் ஜாலி வழியாக இறங்கிப் படியெல்லாம் நட்சத்திரமாக விழுந்திருந்தது. அவன் மனசுக்குள் பார்த்த மாதிரியேதான். ஹவ்வா உம்மாள் மாமி அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஜோடி சேராத செருப்புகளை ஒவ்வொன்றாகக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலோஃபர் மேடையில் சாய்ந்திருந்தாள். கண்டெடுத்த போனைக் கையில் இறுக்கி வைத்திருந்தாள்.

"புள்ள அசையுதா லாத்தா?"

"உதைக்குதுடா. ஒன் மேல உள்ள கோவத்துல." அவள் புடவைத் தலைப்பை விலக்கி வலது முன்கையைக் காட்டினாள்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, கன்றிப்போன சிவப்பில், எட்டு மூலை நட்சத்திரங்கள். ஒன்றோடொன்று கோத்து, ஒரு மூலைகூடப் பிசகாமல் பதிந்திருந்தன. இரண்டு இடங்களில் தோல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கைக்குப் பின்னால்தான் அவள் வயிறு இருந்தது.

"பாத்தியா. அழகாத்தான்டா இருக்கு" என்றாள்.

அஸ்வர் படியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பெரியத்தா கோபமெல்லாம் ஆறி, சிரித்துக்கொண்டே ஏறி வந்தார். "டேய், கட்டுமாவடிக்காரவுகளுக்கு மஹால் ரொம்பப் புடிச்சுப்போச்சுடா. நாகராசு காட்டுன வீடியோவுல கடலும் புகையுமா, சினிமா மாதிரி இருக்காம். வர்ற ஞாயித்துக்கெழம அவுக வீட்டு நிக்காஹும் இங்கதான்."

"வேணாம் பெரியத்தா."

"என்ன வேணாம்?"

"ஞாயித்துக்கெழம வேணாம். எந்தக் கெழமையும் வேணாம். பின்பக்கப் படிய கட்டணும். கதவ வெளிப்பக்கமாத் தெறக்க விடணும். முன்செவத்த ஒடச்சு ஜன்னலு வைக்கணும். அதுவரைக்கும் மாடிய பூட்டிருங்க."

"எந்தச் செவரு? ரோட்டப் பாத்த வெள்ளச் செவரா? அதைத்தானடா நீ அமைதின்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

பெரியத்தா சிரிக்க வாயெடுத்தார். நிலோஃபர் கையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஜாலியைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். ஒரு நட்சத்திரத்தின் மீது விரல் நுனியை வைத்து, சுட்டது போல் எடுத்துக்கொண்டார். மெதுவாகத் திரும்பிப் படியின் அகலத்தை அளப்பதுபோல் இரண்டு கையையும் விரித்தார். இரண்டு கையும் சுவரில் இடித்தன.

"கட்டுமாவடிக்கு நான் பேசிக்கிறேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "சாவிய நீயே வச்சுக்க."

அஸ்வர் சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதன் வெறும்பக்கத்தில் பின்பக்கப் படியை வரைந்தான். இந்த முறை அகலமாக. கீழே செருப்புக்குத் தனி இடம் விட்டான். வரைந்து முடித்து, வாசலில் ஆள்காட்டி விரலை வைத்து, மெல்ல உள்ளே நடத்தினான்.

நாயோடு ஓடுகிறவளைக் காணோம். முதலில் மாமி வந்தாள், இடுப்பில் பேரனோடு. அவளுக்குப் பின்னால் மருதாணிக் கால்கள் வந்தன. அவர்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர். விரல் நின்றுவிட்டது. அவன் படியை அடித்துவிட்டு இன்னும் அகலமாக வரைந்தான். திரும்பவும் விரலை வைத்தான்.

அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.